கொல்லைப்புறத்தில் பிறந்த புகழ்

லிங்கராஜபுரத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வாடகை வீடுகளின் மாடிப்படிகளில் பழைய பெயிண்டு டப்பாக்கள், விளிம்பு உடைந்த வாளிகள், பிளாஸ்டிக் தொட்டிகள். அவற்றில் துளசி இருக்கும். கற்றாழை இருக்கும். ஊரில் இருந்து பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டு வந்த ஏதாவது ஒரு செடியும் இருக்கும். மண் இல்லாத வீட்டுக்கு அதுதான் தோட்டம்.

காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். காய்ந்த இலையைக் கிள்ளிப் போடுவார்கள். அதற்கு மேல் அந்தச் செடியை உற்றுப் பார்க்க யாருக்கு நேரம்?

அப்படிப்பட்ட செடிகளை உற்றுப் பார்த்தே உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணி இருந்தார். கற்றாழை, வாழை, ரப்பர் செடி, ஊமத்தை இனத்துப் பூ, பெங்களூர் ஏரிகளை அடைத்துக் கொண்டு நிற்கும் ஆகாயத்தாமரை, இவை எல்லாம் அவருடைய காமிராவுக்கு முன்னால் வந்து நின்றவை. எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள். மிக நெருக்கத்தில் எடுத்த படங்கள்.

அவர் பெயர் இமோஜின் கன்னிங்காம். அமெரிக்க நாட்டுக்காரர்.

அவர் செடிகள் பக்கம் திரும்பியதற்கு ஆசை மட்டும் காரணம் அல்ல. கையில் மூன்று ஆண் குழந்தைகள். வீட்டை விட்டு நகர முடியவில்லை. அதனால் வீட்டில் இருந்ததைப் படம் பிடித்தார்.

விறகுக் கொட்டகை

இமோஜின் 1883-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் உள்ள போர்ட்லண்டு நகரில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஐசக் கன்னிங்காம். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் வரும் கதாநாயகியின் பெயரை மகளுக்கு வைத்தார். வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். இமோஜின் ஐந்தாவது. சிறு வயதிலேயே குடும்பம் சியாட்டில் நகருக்குக் குடிபெயர்ந்தது.

தகப்பனார் புத்தகப் பிரியர். யாருக்கும் கட்டுப்படாமல் சொந்தமாகச் சிந்திப்பவர். பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. ஆனாலும் இந்த மகளைப் படிக்க வைப்பது என்று உறுதியாக இருந்தார்.

மகளுக்கோ போட்டோ பிடிக்கும் ஆசை வந்து விட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் தபால் மூலம் போட்டோக் கலை கற்றுக் கொடுக்கும் பள்ளி ஒன்று இருந்தது. அதற்கு 15 டாலர் கட்டினார். காமிராவும் பாடமும் தபாலில் வந்து சேர்ந்தன.

மகளுக்காகத் தகப்பனார் விறகுக் கொட்டகையை இருட்டறையாக மாற்றிக் கொடுத்தார். அங்கே மின்சார விளக்கு கிடையாது. சிவப்புப் பெட்டிக்குள் ஒரு மெழுகுவர்த்தி. அந்த வெளிச்சத்தில்தான் இமோஜின் படம் கழுவிப் பழகினார். இத்தனை செலவு செய்து கல்லூரிக்கு அனுப்புவது கையில் மருந்துக் கறையோடு திரியும் போட்டோக்காரி ஆவதற்கா என்று தகப்பனார் குறைப்பட்டுக் கொண்டதும் உண்டு. ஆனால் கொட்டகையைக் கட்டியவரும் அவர்தான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இமோஜின் ரசாயனம் படித்தார். போட்டோத் தொழிலுக்கு அடிப்படை ரசாயனம்தான் என்று ஒரு பேராசிரியர் வழிகாட்டி இருந்தார். கல்லூரிச் செலவுக்காக அங்குள்ள தாவரவியல் பகுதிக்கு ஸ்லைடுகள் தயாரித்துக் கொடுத்தார். செடிகளை நெருங்கிப் பார்க்கும் பழக்கம் அப்போதே, கூலிக்குச் செய்த வேலையில் வந்து விட்டது.

1907-ல் பட்டம் பெற்றார். பிறகு எட்வர்டு கர்டிஸ் என்பவரின் ஸ்டூடியோவில் வேலை. அமெரிக்கப் பழங்குடி மக்களைப் படம் எடுத்துப் பெயர் பெற்றவர் இந்த கர்டிஸ். அங்கே பிளாட்டினம் உப்பு பூசிய காகிதத்தில் படம் அச்சிடும் நுட்பத்தை இமோஜின் கற்றுக் கொண்டார்.

1909-ல் 500 டாலர் உதவித் தொகை கிடைத்தது. ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். ராபர்ட் லூதர் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி. பிளாட்டினம் காகிதத்தைத் தானே தயாரித்துக் கொள்வது எப்படி, அதில் பழுப்பு நிறம் வரவழைப்பது எப்படி என்று 1910-ல் கட்டுரை எழுதினார். போட்டோவுக்குப் பின்னால் இருக்கும் ரசாயனத்தை இவ்வளவு ஆழமாகக் கற்ற பெண்கள் அந்த நாளில் மிகச் சிலரே.

அதே ஆண்டு ஊர் திரும்பி சியாட்டிலில் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார். நல்ல வாடிக்கை. பெண்கள் போட்டோத் தொழிலுக்கு வர வேண்டும் என்று 1913-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். வயது 30. கையில் சொந்தத் தொழில். யாரையும் நம்பி இருக்க வேண்டியது இல்லை.

தொழில் நின்றது

1915-ல் ராய் பார்ட்ரிட்ஜ் என்ற ஓவியரைத் திருமணம் செய்து கொண்டார். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடுவது ராயின் தொழில். அந்த ஆண்டே கணவரை மலைச்சாரலில் ஆடையின்றி நிறுத்தி இமோஜின் எடுத்த படங்கள் வெளியாகி, சியாட்டிலில் பெரிய கண்டனம் எழுந்தது. ஆண் ஓவியர்கள் பெண்களை அப்படி வரைந்தபோது கிளம்பாத கண்டனம் அது. அந்த நெகட்டிவ்களை எடுத்து வைத்து விட்டார். பல பத்தாண்டுகள் அவை வெளியே வரவில்லை.

1915 டிசம்பரில் மூத்த மகன் கிரிபித் பிறந்தான். 1917-ல் குடும்பம் கலிபோர்னியாவுக்கு இடம் பெயர்ந்தது. சியாட்டில் ஸ்டூடியோ அதோடு முடிந்தது. அந்த செப்டம்பரில் ரோண்டல், பாட்ரிக் என்ற இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

இரண்டு வயது நிரம்பாத ஒன்று, கைக்குழந்தைகள் இரண்டு. புதிய ஊர். கூடமாட உதவ அம்மா வீடு பக்கத்தில் இல்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து குழந்தை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

1920-ல் ஓக்லண்டு நகரில் இருந்த மில்ஸ் பெண்கள் கல்லூரியில் ராய் ஓவிய ஆசிரியர் ஆனார். குடும்பம் அங்கே போனது. ஒரு சம்பளத்தில் ஐந்து பேர். ராய் படம் வரைய வெளியூர் போவார். இமோஜின் வீட்டில் இருப்பார். பிளாட்டினத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதியவருக்குத் துணி துவைப்பதும், பாத்திரம் கழுவுவதும், மூன்று பையன்களின் சண்டையைத் தீர்ப்பதும் முழு நேர வேலை ஆயிற்று.

ஆனால் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் செடி வைத்தார்.

பகலில் பையன்கள் தூங்கும் நேரம், அல்லது கண் பார்வையில் விளையாடும் நேரம். அதுதான் அவருக்குக் கிடைத்தது. காமிராவைத் தூக்கிக் கொண்டு போய்ச் செடிக்கு முன்னால் நிறுத்துவார். படம் எடுத்த பிறகு, சமையலறைத் தொட்டிக்கும் இருட்டறைக்கும் மாறி மாறி ஓடுவார். மனிதர்களைப் படம் எடுப்பது என்றால் அவர்கள் வர வேண்டும், உட்கார வேண்டும், சிரிக்க வேண்டும். குழந்தை அழுதால் பாதியில் எழுந்து போக முடியாது. கற்றாழையிடம் அந்தத் தொல்லை இல்லை. எத்தனை முறை எழுந்து போய் வந்தாலும் அது அதே இடத்தில் இருக்கும்.

செண்பகத்தின் உறவு

1923 முதல் 1925 வரை அவர் திரும்பத் திரும்பப் படம் எடுத்தது மக்னோலியா என்ற பூவை. பெயர் புதிதாகத் தெரியலாம். உறவு பழையது. நம் நாட்டுச் செண்பகமும் தாவரவியல்படி மக்னோலியா இனம்தான். மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடு என்று கன்னடத்தில் சொல்வது இந்தச் செண்பகத்தின் பெயரைத்தான். அமெரிக்க மக்னோலியா அதைவிடப் பல மடங்கு பெரிது. விரிந்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். வெள்ளை வெளேர் என்ற தடித்த இதழ்கள். நடுவில் கூம்பு போல ஒரு தண்டு.

அந்தப் பூவை அவர் படம் முழுவதும் நிறைத்தார். கிளை இல்லை, இலை இல்லை, வானம் இல்லை. ஒரே பூ. இதழ்கள் விளிம்பைத் தொட்டுக் கொண்டு விரிந்து கிடக்கும். நடுவில் கூம்பு. ஒரு கோயில் கருவறைக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். பிறகு இன்னும் நெருங்கி, கூம்பையும் மகரந்தக் காம்புகளையும் மட்டும் எடுத்தார். அந்தப் படத்துக்கு ‘நகைகளின் கோபுரம்’ என்று பொருள்படும் பெயர்.

வெள்ளைப் பூவைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது எளிது என்று நினைக்கலாம். எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். வெளிச்சம் சற்றுக் கூடினால் பூ சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகி விடும். ஒரு நரம்பு கூடத் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் சாம்பல் பூசியது போல மங்கி விடும். வெள்ளைக்குள்ளேயே பத்து விதமான வெள்ளை இருக்கிறது. பக்கவாட்டில் இருந்து மெதுவாக விழும் வெளிச்சத்தில்தான் அந்தப் பத்தும் பிரிந்து தெரியும். நேர் வெயில் உதவாது.

இன்னொரு கஷ்டம் நெருக்கம். பழைய ஸ்டூடியோக்களில் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பாரே, அந்த வகைக் காமிராவில் துருத்தி போன்ற மடிப்பு உண்டு. பொருளை நெருங்க நெருங்க அந்தத் துருத்தியை இழுத்து நீட்ட வேண்டும். பூ எந்த அளவோ அதே அளவுக்குப் படத்தில் விழ வேண்டும் என்றால், சாதாரணமாக இருப்பதைப்போல இரண்டு மடங்கு நீட்ட வேண்டும். அப்போது பிலிமில் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைந்து விடும். அதற்கு ஈடாக நாலு மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டும்.

அதோடு போகாது. நெருக்கத்தில் எடுத்தால் முன் இதழ் தெளிவாக விழும், பின் இதழ் கலங்கி விடும். இரண்டும் தெளிவாக வேண்டும் என்றால் லென்சின் துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும். தூரத்தில் வரும் பஸ்சின் நம்பர் தெரியாதபோது கண்ணை இடுக்கிப் பார்க்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். துவாரம் சிறுத்தால் வெளிச்சம் இன்னும் குறையும். நேரம் இன்னும் கூடும். அத்தனை நேரமும் பூ அசையக் கூடாது. லேசாகக் காற்று வந்தால் போச்சு. மூன்று பையன்கள் ஓடி விளையாடும் கொல்லையில் இதை அவர் செய்தார் என்பதுதான் ஆச்சரியம்.

‘இரண்டு காலா’ என்ற படமும் அந்தக் காலத்தில் எடுத்ததே. காலா என்பது சேப்பங்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஊட்டியில் ஓடையோரங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பலர் பார்த்திருக்கலாம். சங்கு போலச் சுருண்டிருக்கும் அந்த வெள்ளைப் பகுதி இதழ் அல்ல, மடல். இரண்டு மடல்கள் ஒன்றை ஒன்று தழுவிக் கொண்டு இருட்டில் இருந்து எழுந்து வருவது போலப் படம் அமைந்திருக்கிறது. பூ என்ற நினைப்பே வராது. சிலை என்று தோன்றும்.

கற்றாழையை எடுத்த விதம் வேறு. அங்கே மென்மைக்கு இடம் இல்லை. முள் விளிம்பும், ஒரு மடலின் நிழல் அடுத்த மடலில் விழும் கோடும்தான் படம். வாழை, ரப்பர் செடி எல்லாமே அப்படித்தான். ஒரு தண்டு, ஒரு வளைவு, ஒரு நிழல். அன்றைக்குப் போட்டோ என்றால் பனி மூட்டம் போட்டது போல மங்கலாக, ஓவியம் மாதிரி இருக்க வேண்டும் என்பது பழக்கம். இமோஜினும் இளமையில் அப்படி எடுத்தவர்தான். கொல்லைச் செடிகள் அந்தப் பழக்கத்தை மாற்றி விட்டன.

வெளியே தெரிந்தது

எட்வர்டு வெஸ்டன் என்ற கலிபோர்னியா போட்டோக் கலைஞர் இந்தப் படங்களைப் பார்த்தார். 1929-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் மாபெரும் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்கு அமெரிக்கப் படங்கள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த வெஸ்டன், இமோஜினின் 10 படங்களை அனுப்பினார். அவற்றில் 8 செடிகள். 20 ஆண்டுகளுக்கு முன்னால் மாணவியாகப் போன நாட்டுக்கு இப்போது அவருடைய கொல்லைப்புறமே போய்ச் சேர்ந்தது.

ஜெர்மனியிலும் ஒருவர் இதே வேலையைத் தனியாகச் செய்து கொண்டிருந்தார். கார்ல் பிளாஸ்பெல்ட் என்ற ஓவியப் பள்ளி ஆசிரியர். இரும்பு வார்ப்பாலையில் பயிற்சித் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் செடிகளின் மொட்டையும் தண்டையும் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்து வந்தார். 1928-ல் அவை புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 60-ஐத் தாண்டி விட்டது. வெஸ்டனும் சும்மா இருக்கவில்லை. 1930-ல் ஒரு குடைமிளகாயைப் படம் எடுத்தார். அதுவும் உலகப் புகழ் பெற்றது. காய்கறிக் கடையில் பேரம் பேசி வாங்கும் மிளகாய்க்கு வந்த வாழ்வு!

1932 நவம்பர் 15-ந் தேதி சான் பிரான்சிஸ்கோ டி யங் கலைக் காட்சிச்சாலையில் ஒரு குழுவின் கண்காட்சி திறந்தது. குழுவின் பெயர் ‘எப்.64’. பெரிய காமிராக்களில் லென்சின் துவாரத்தை மிகச் சிறிதாக்கும் எண் அது. மங்கல் வேண்டாம், எல்லாம் தெளிவாக இருக்கட்டும் என்பது கொள்கை. வெஸ்டன், பிற்காலத்தில் மலைக்காட்சிப் படங்களால் பெரும்புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ் ஆகியோருடன் இமோஜினும் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். எழுவரில் இரண்டு பேர்தான் பெண்கள்.

வீட்டில் நிலைமை வேறு. பையன்கள் வளர்ந்து விட்டார்கள். நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமை இமோஜின் எடுத்த படங்கள் 1931-ல் ‘வேனிட்டி பேர்’ பத்திரிகையில் வந்தன. 1934-ல் அதே பத்திரிகைக்காக நியூயார்க் போக வாய்ப்பு வந்தது. தானும் வரும்வரை பொறுத்திருக்கும்படி ராய் கேட்டார். இமோஜின் பொறுக்கவில்லை. 17 ஆண்டுகள் வீட்டோடு இருந்தாயிற்று, இனியும் என்ன என்று நினைத்திருக்கலாம். புறப்பட்டுப் போய் விட்டார். அந்த ஆண்டே விவாகரத்து ஆனது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எளிது அல்ல. சேர்ந்திருந்த காலத்தில்தான் அந்தச் செடிப் படங்கள் எல்லாம் பிறந்தன. சேர்ந்திருந்ததால்தான் அவருடைய ஸ்டூடியோவும் மூடிக் கிடந்தது.

வயது 51. மறுபடி வயிற்றுப்பாட்டுக்கு மனிதர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். நடிகர்கள், எழுத்தாளர்கள், தெருவில் போகிறவர்கள். 1947-ல் சான் பிரான்சிஸ்கோ கிரீன் தெருவில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனார். கலைப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பணம் பெரிதாகச் சேரவில்லை. கண்காட்சிகள் வந்தன, பாராட்டு வந்தது. செலவுக்குச் சம்பாதித்துக் கொண்டேதான் இருக்க வேண்டி இருந்தது.

இரட்டையரில் ஒருவரான ரோண்டல், அம்மாவின் இருட்டறையைச் சுற்றி வளர்ந்த பிள்ளை. இளம் வயதிலேயே டொரோதியா லேஞ்ச் என்ற பெயர் பெற்ற போட்டோக் கலைஞரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். ஆன்சல் ஆடம்சிடமும் உதவியாளராக இருந்தார். போட்டோவே அவருக்கும் தொழில் ஆனது. 2015-ல் இறந்தார்.

தொண்ணூறுக்குப் பிறகு

1970-ல் இமோஜினுக்கு குகன்ஹைம் அறக்கட்டளையின் உதவித் தொகை கிடைத்தது. அப்போது வயது 87. அந்த வயதில் என்ன புதிதாகச் செய்யப் போகிறார் என்று கேட்கத் தோன்றும். பழைய நெகட்டிவ்களைத் தேடி எடுத்து அச்சிடுவதற்காக அவர் அந்தப் பணத்தைக் கேட்டிருந்தார். 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு பெட்டிகளில் கிடந்தது. அச்சிட நேரமும் இல்லை, காசும் இல்லை.

1975-ல் தம் படங்களைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளையை அமைத்தார். 92 வயதில் ஒரு புதிய வேலையும் தொடங்கினார். தம் வயதை ஒட்டிய கிழவர்களையும் கிழவிகளையும் தேடிப் போய்ப் படம் எடுப்பது. சுருக்கம் விழுந்த முகங்களையும், நரம்பு புடைத்த கைகளையும் எடுத்தார். ‘தொண்ணூறுக்குப் பிறகு’ என்று புத்தகத்துக்குப் பெயர்.

1976 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இமோஜின் காலமானார். வயது 93. புத்தகம் மறு ஆண்டு வெளிவந்தது.